ஸ்கேன் நார்மல், வலி மட்டும் போகவில்லை: நாள்பட்ட இடுப்புக்கூட்டு வலியையும் மனசையும் சேர்த்துச் சமாளிப்பது எப்படி

முதலில் வார்த்தைப் பிரச்சினையைத் தீர்த்துக்கொள்வோம். "இடுப்பு வலி" என்றால் கேட்பவர் உடனே முதுகின் கீழ்ப்பக்கத்தைத் தடவிக் காட்டுவார், இல்லையென்றால் பிரசவ வலியை நினைப்பார். "வயிற்று வலி" என்றால் அல்சரா என்று கேட்பார். உண்மையில் வலிக்கிற இடத்துக்கு நாம் வைத்திருக்கும் சொற்கள் எல்லாம் "கீழே", "அங்கே", "அந்த இடத்துல" என்று சுற்றி வளைப்பவைதான். நான் பேசப்போவது தொப்புளுக்குக் கீழே, இடுப்பெலும்புகளுக்கு நடுவே கிண்ணம் மாதிரி இருக்கும் பகுதியில் வருகிற வலியைப் பற்றி. கர்ப்பப்பை, சினைப்பை, சிறுநீர்ப்பை, மலக்குடல், ஆண்களுக்கு புரோஸ்டேட், இவற்றை எல்லாம் அடியில் தாங்கிப் பிடிக்கும் இடுப்புத்தளத் தசைகள், எல்லாமே அங்கேதான் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. அங்கே விட்டுவிட்டோ விடாமலோ ஆறு மாதத்துக்கு மேல் வலி இருந்தால் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள். எனக்கு இது பதினோராவது வருடம்.

இதில் நான் செய்த பெரிய தப்பு வரிசையில்தான். முதல் நான்கு வருடம் "வலி போகட்டும், மனசு தானாகச் சரியாகிவிடும்" என்று இருந்தேன். அப்புறம் ஒருவர் "டென்ஷனைக் குறைச்சா வலி போயிடும்" என்று சொன்னதை நம்பி, உடம்பை யாரிடமும் காட்டாமல் ஒன்றரை வருடம் ஓட்டினேன். இரண்டும் நடக்கவில்லை. ஒன்று முடிந்தபின் மற்றொன்று என்று காத்திருக்காமல் இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கியிருந்தால் எனக்குச் சில வருடங்கள் மிச்சமாகியிருக்கும். கீழே எழுதுவது எல்லாம் அந்த ஒரு விஷயத்தை எப்படிச் செய்வது என்பதுதான்.

"எல்லாம் மனசுதான்" என்றவருக்குப் பதில்

"ரிப்போர்ட் எல்லாம் நல்லாத்தானே இருக்கு, நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க." இதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து லிஃப்டில் நிற்கும்போது வருகிற அவமானம் இருக்கிறதே, அது வலியைவிட மோசம். அதனாலேயே நம்மில் பலர் எதிர்ப்பக்கம் போய்விடுகிறோம். மனசு என்ற சொல்லையே யாரையும் எடுக்க விடமாட்டோம். மனநல மருத்துவரைப் பார்த்தால் "அப்பவே சொன்னோமே" என்று ஃபைலில் எழுதிவிடுவார்கள் என்று நானும் பயந்தேன்.

சரி, ஸ்கேன் நார்மல் என்றால் என்ன அர்த்தம்? ஸ்கேனில் தெரியக்கூடியது எதுவும் தெரியவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். எண்டோமெட்ரியோசிஸை, அதாவது கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே திட்டுத்திட்டாக வளரும் நோயை, எடுத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 19 கோடிப் பேருக்கு இது இருக்கிறது. மேலோட்டமாகப் படர்ந்திருக்கும் வகை சாதாரண அல்ட்ராசவுண்டில் தெரியாமல் போவது சகஜம். இன்னொன்று: திட்டுகளின் அளவுக்கும் வலியின் அளவுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை; கொஞ்சமாக இருப்பவர் துடிக்கலாம், நிறைய இருப்பவருக்கு வலியே இல்லாமலும் போகலாம். தசை இறுக்கமும் நரம்பின் மிகைக் கூர்மையும் வழக்கமான ஸ்கேனில் வரவே வராது.

அந்த மிகைக் கூர்மையை இப்படி யோசியுங்கள். கைக்குழந்தை உள்ள தாய் முதலில் குழந்தை அழுதால் எழுவாள். சில மாதம் போனால் அது புரண்டு படுத்தாலே விழித்துக்கொள்வாள். வலி வருடக்கணக்கில் வந்துகொண்டே இருந்தால் தண்டுவடமும் மூளையும் இப்படி விழித்தே இருக்கப் பழகிவிடுகின்றன. சின்னத் தூண்டலும் பெரிய வலியாகக் கேட்கும். அதோடு கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை, குடல் மூன்றின் நரம்புகளும் தண்டுவடத்தில் பக்கத்துப் பக்கத்து இடங்களில் வந்து சேர்வதால், ஒன்றில் தொந்தரவு வந்தால் மற்றதும் கூடச் சேர்ந்து கத்தும். மாதவிடாய் வலியாகத் தொடங்கியது சில வருடத்தில் சிறுநீர்ப்பை நிறைந்தாலே வலி, மலம் கழித்தால் வலி என்று பரவுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இந்த மாதிரி வலிக்கு 2017-இல் நோசிபிளாஸ்டிக் என்று தனிப் பெயரே வைத்துவிட்டார்கள். கற்பனை வலிக்கு யாரும் பெயர் வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

மனசு இதில் எங்கே வருகிறது? வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 1979-இல் தந்த வரையறையிலும், 2020-இல் அதைத் திருத்தியபோதும், வலி என்பது உடலுணர்வும் மனவுணர்வும் சேர்ந்த அனுபவம் என்றே சொல்கிறது. பயம், தூக்கமின்மை, சோர்வு எல்லாம் அந்த விழிப்பைக் கூட்டுகின்றன. கூடிய வலி தூக்கத்தையும் தைரியத்தையும் தின்கிறது. எது முதலில் வந்தது என்று துருவுவதில் பயனில்லை. எந்தப் பக்கம் பிடித்தாலும் கொஞ்சம் தளரும், இரண்டு பக்கமும் பிடித்தால் கூடுதலாகத் தளரும்.

உடனே ஓட வேண்டியவை

கீழே சொல்பவை இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள். மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு, சிறுநீரிலோ மலத்திலோ ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, கையில் தட்டுப்படும் கட்டி, வலியோடு காய்ச்சல். இவை தள்ளிப்போடக் கூடாதவை. கர்ப்பமாக இருக்கலாம் என்ற நிலையில் திடீரென்று கடும் வலி, விதைப்பையில் திடீர் வலி, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போய் சிறுநீர் அல்லது மலம் கட்டுப்படாமல் போவது (அல்லது சிறுநீர் போகவே வராமல் நிற்பது), இந்த மூன்றும் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டியவை, மணிக்கணக்கு முக்கியம். பல வருடமாக வலியோடு இருப்பவர்கள்தான் "எப்பவும் வர்றதுதானே" என்று இவற்றைக் கோட்டைவிடுகிறார்கள்.

டாக்டர் முன்னால் கிடைக்கும் பத்து நிமிடம்

ஒரு சின்ன நோட்டு வையுங்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு வரி, இரவில். என் நோட்டிலிருந்து ஒரு வரி இது: "செவ்வாய். காலை 4, மாலை 7. பீரியட்ஸ் தொடங்கி 24-ஆம் நாள். தொடர்ந்து உட்கார்ந்தது 3 மணி நேரம். மலம் போகவில்லை, 2-ஆம் நாள். நேற்றுத் தூக்கம் 4 மணி நேரம். மனசு 3." வலி 0 முதல் 10 வரை, மனசும் 0 முதல் 10 வரை (வலியில் எண் கூடினால் மோசம், மனசில் எண் குறைந்தால் மோசம்). இரண்டும் ஒரே வரியில் இருப்பதுதான் முக்கியம், தனித்தனி நோட்டு போடாதீர்கள். ஆறு வாரம் கழித்து நான் திருப்பிப் பார்த்தபோது, என் 7-களும் 8-களும் நான் நினைத்த மாதிரி மாதவிடாயோடு மட்டும் வரவில்லை. தூக்கம் கெட்டதற்கு மறுநாளும், மலச்சிக்கலின் இரண்டாம் மூன்றாம் நாளும்தான் அதிகம் வந்திருந்தன. நான்கு வருடமாக யாரும், நானும்தான், மலச்சிக்கலைக் கண்டுகொள்ளவே இல்லை. காலடியில் ஒரு சின்ன ஸ்டூல் வைத்து முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி உட்காருவது, முக்காமல் இருப்பது, தண்ணீர், தேவைப்பட்டால் மருத்துவர் சொல்லும் மலமிளக்கி, இந்த அற்ப விஷயங்கள் தந்த நிம்மதியை எந்த வலிமாத்திரையும் எனக்குத் தரவில்லை.

ஆனால் மணிக்கு மணி எழுதாதீர்கள். "இப்ப எவ்வளவு வலிக்குது" என்று உடம்பை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால் வலிதான் பெரிசாகும். ஆறு முதல் எட்டு வாரம் எழுதியதும் நிறுத்திவிடுங்கள்.

அந்த நோட்டை அப்படியே டாக்டரிடம் நீட்டாதீர்கள், யாருக்கும் படிக்க நேரமில்லை. ஒரு தாளில் ஐந்து வரியாகச் சுருக்குங்கள். எங்கே வலிக்கிறது (விரலால் தொட்டுக் காட்டத் தயங்காதீர்கள்), எப்படி வலிக்கிறது (எரிச்சலா, குத்தலா, இழுப்பா, கனமா, கரண்ட் அடிப்பது போலா), எது கூட்டுகிறது, இதுவரை என்ன சாப்பிட்டேன் என்ன செய்தேன், இதனால் எதைச் செய்ய முடியவில்லை. கடைசி வரிதான் வேலை செய்யும். "வலி 8" என்று சொன்னால் தலையாட்டுவார்கள். "இருபது நிமிடத்துக்கு மேல் நாற்காலியில் உட்கார முடியவில்லை, தாம்பத்தியம் இரண்டு வருடமாக இல்லை, காலையில் எழும்போதே அழுகை வருகிறது" என்றால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். மனசைப் பற்றியும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். "மனசு உடைஞ்சு போயிருக்கு, அதுக்கும் உதவி வேணும், ஆனா வலிக்கான பரிசோதனையை அதுக்காக நிறுத்த வேண்டாம்." இந்த வாக்கியத்தை நான் மனப்பாடம் செய்துகொண்டு போனேன், சொன்னதும் கை நடுங்கியது, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

பரிசோதனை பற்றி ஒரு சொல். உள்பரிசோதனைக்கு நீங்கள் சம்மதித்தால்தான் நடக்க வேண்டும்; கூட ஒருவர் இருக்கட்டும் என்று கேட்கலாம், நடுவில் "நிறுத்துங்க" என்றால் நிறுத்த வேண்டும். சில மருத்துவர்கள் கடந்த கால வன்முறை, பாலியல் துன்புறுத்தல் பற்றிக் கேட்பார்கள். அப்படிப்பட்ட அனுபவம் உள்ளவர்களிடம் இந்த வலி கூடுதலாகக் காணப்படுவதால் கேட்கிறார்கள். கேட்டாலே "அதனாலதான் வலி" என்று முடிவுகட்டுகிறார்கள் என்று அர்த்தமில்லை, பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஆண்களுக்கு ஒரு தனிப் பத்தி, ஏனென்றால் இந்த விஷயத்தில் அவர்களைவிட மௌனமாக இருப்பவர்கள் இல்லை. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே வலி, உட்கார்ந்தால் பந்தின் மேல் உட்கார்ந்த மாதிரி, விந்து வெளியேறியபின் எரிச்சல். இது பெரும்பாலும் "புரோஸ்டேட் வீக்கம்" என்ற பெயரில் ஆண்டிபயாட்டிக் கோர்ஸ் மேல் கோர்ஸாகப் போகும். ஆனால் புரோஸ்டடைட்டிஸ் (புரோஸ்டேட் அழற்சி) என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி பாக்டீரியா இல்லாத நாள்பட்ட வலி வகைதான். கல்ச்சர் பரிசோதனையில் கிருமி எதுவும் வரவில்லை என்றால், மூன்றாவது கோர்ஸ் தொடங்குமுன் "தசையைப் பார்க்க வேண்டாமா?" என்று கேளுங்கள். இந்த வலியைச் சிறுநீர், மனம், உறுப்பு, தொற்று, நரம்பு, தசை என்று ஆறு பக்கமாகப் பிரித்துப் பார்க்கும் யூபாயிண்ட் என்ற முறை 2009-லிருந்து இருக்கிறது, அதில் மனம் ஒரு பக்கம் என்பதைக் கவனியுங்கள்.

இறுக்கிப் பிடிக்கும் தசை

இப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே கவனித்துப் பாருங்கள். தாடை இறுகியிருக்கிறதா? தோள் காதுக்குப் பக்கத்தில் ஏறியிருக்கிறதா? சிறுநீரை அடக்கும்போது இறுக்குவோமே அந்த இடம் லேசாக உள்ளிழுத்துப் பிடித்திருக்கிறதா? எனக்கு இது முதலில் தெரிந்தது ஒரு சிவப்பு சிக்னலில். வண்டி நிற்கிறது, அவசரம் எதுவும் இல்லை, ஆனால் கீழே எல்லாத் தசையும் முஷ்டி மாதிரி. எத்தனை வருடமாக அப்படிப் பிடித்து வைத்திருந்தேனோ தெரியாது. பயமுறுத்தும் காட்சிகளைக் காட்டிப் பெண்களிடம் அளந்து பார்த்த ஆய்விலும் இடுப்புத்தளத் தசை, கழுத்துத் தசையைப் போலவே, தானாக இறுகுவது தெரிந்தது. உடம்பின் தற்காப்பு அது. வலி வந்தால் இறுகும், இறுகியே இருந்தால் அந்தத் தசையே வலிக்கத் தொடங்கும்.

இங்கேதான் ஒரு எச்சரிக்கை. இடுப்புப் பிரச்சினை என்றாலே கீகல் பயிற்சி (சிறுநீரை அடக்குவது போல இடுப்புத்தளத் தசையை இறுக்கி விடுவது) செய் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். கீகல் தளர்ந்த தசையை வலுப்படுத்துவதற்கு. ஏற்கெனவே இறுகிப்போன தசையை இன்னும் இறுக்கினால் வலி கூடத்தான் செய்யும். எனக்கு மூன்று வாரம் கூடியது. இடுப்புத்தளத்தில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் யாராவது சோதித்துச் சொல்லும்வரை கீகல் வேண்டாம்.

அதற்குப் பதிலாகச் செய்யக்கூடியது மூச்சு. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, காலுக்கடியில் தலையணை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை மார்பில், ஒரு கை அடிவயிற்றில். நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுங்கள், வயிற்றில் இருக்கும் கை மட்டும் உயரட்டும். ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்குகிறது, அதோடு இடுப்புத்தளமும் கொஞ்சம் கீழே இறங்கித் தளர்கிறது. அந்த இறக்கத்தை, சிறுநீர் போகத் தொடங்கும் நொடியில் விடுபடுமே அந்த உணர்வை, தேடுங்கள். தள்ளவோ முக்கவோ வேண்டாம். ஐந்து நிமிடம், காலையும் இரவும். முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியாது, சலிப்பாகத்தான் இருக்கும், சிலருக்கு அந்த இடத்தைக் கவனிப்பதே பதற்றத்தைக் கிளப்பும். அப்படியென்றால் கையை எடுத்துவிட்டு, பாதம் தரையில் படுவதை மட்டும் கவனித்தபடி மூச்சு விடுங்கள்.

வெந்நீர்ப் பை நல்லது, ஆனால் துணி சுற்றி, இடைவெளி விட்டு. நாள் முழுக்க வைத்தே இருந்தால் தோலில் வலை போட்ட மாதிரி பழுப்புத் தடம் விழும், என் அடிவயிற்றில் இன்னும் இருக்கிறது.

மாத்திரைச் சீட்டைப் பார்த்து அதிர வேண்டாம்

சீட்டில் அமிட்ரிப்டிலின் என்று எழுதியிருப்பார்கள். வீட்டுக்கு வந்து தேடினால் "மனச்சோர்வு மருந்து" என்று வரும். "அவரும் என்னைப் பைத்தியம்னு நினைச்சுட்டாரா" என்று நான் அன்று முழுக்க அழுதேன். நரம்பு வலிக்கு இதைக் கொடுப்பது மனச்சோர்வுக்கு வேண்டியதைவிட மிகக் குறைந்த அளவில், பெரும்பாலும் இரவில் 10 மில்லிகிராமில் தொடங்குவார்கள். வலிச் செய்தியைத் தண்டுவடத்தில் மட்டுப்படுத்தும் ரசாயனங்களோடு அதற்குத் தொடர்பு இருக்கிறது என்பதுதான் காரணம். வாய் உலரும், காலையில் மந்தமாக இருக்கும், மலச்சிக்கல் வரும், அந்தக் கடைசியை முதல் நாளிலிருந்தே கவனியுங்கள். துலாக்ஸெடின் மாதிரி சில மருந்துகள் வலி, மனச்சோர்வு இரண்டுக்குமே பயன்படுபவை. எதையும் நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம்.

நரம்பு வலிக்குக் கொடுக்கும் காபாபென்டினும் அடிக்கடி எழுதப்படும். வெளிப்படையான நோய்க்காரணம் காணப்படாத இடுப்புக்கூட்டு வலியுள்ள பெண்களிடம் செய்து 2020-இல் வெளியான பெரிய ஆய்வில், அது வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தரவில்லை, பக்கவிளைவு மட்டும் கூடியது. வேறு காரணத்துக்காக உங்களுக்குக் கொடுத்திருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஹார்மோன் மாத்திரைகள் சிலருக்கு வலியை நன்றாகக் குறைக்கும், சிலருக்கு மனசைக் கீழே இழுத்துவிடும். புது மாத்திரை தொடங்கிய தேதியை நோட்டில் வட்டம் போட்டு வையுங்கள். மூன்று வாரத்தில் "மனசு" எண் இறங்கினால் உங்கள் மேல் பழி போட்டுக்கொள்ளாமல் மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள். ஓபியாய்டு வகை (ட்ரமடால், மார்ஃபின் போன்ற) வலிமாத்திரைகளை மாதக்கணக்கில் எடுத்தால் மலச்சிக்கலோடு, சிலருக்கு வலியுணர்வே கூடிப்போவதும் உண்டு.

மனசை அளந்து பாருங்கள்

"கஷ்டமா இருக்கு" என்பது போதாது. பிஹெச்க்யூ-9 என்று ஒன்பது கேள்விப் பட்டியல் இருக்கிறது, பல மருத்துவர்களிடம் கிடைக்கும். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்து அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு: தூக்கம், களைப்பு, பசி பற்றிய கேள்விகளில் வலியே மதிப்பெண்ணை ஏற்றிவிடும். அதனால் நான் முதல் இரண்டு கேள்விகளைத்தான் முதலில் பார்க்கிறேன்: எதிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் போனதா, மனசு சோர்ந்து நம்பிக்கையற்று இருந்ததா. வலி குறைந்திருந்த நாளிலும் இந்த இரண்டும் விடவில்லை என்றால், அதற்குத் தனியாகச் சிகிச்சை வேண்டும். வலி தீர்ந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள்.

ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. "இப்படி இருக்கிறதுக்குப் போய்ச் சேர்ந்துட்டா தேவலை" என்ற எண்ணம் இந்த வலியில் பலருக்கு வந்து போகிறது, எனக்கும் வந்தது, அதைச் சொன்னால் யாரும் மிரள வேண்டியதில்லை, சொல்லத்தான் வேண்டும். எப்படி, எப்போது என்று யோசனை போகத் தொடங்கினால் அன்றே, அந்த மணி நேரமே, ஒருவரிடம் சொல்லிவிட்டு அவசர சிகிச்சைக்கோ உங்கள் பகுதியின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கோ போங்கள். மாத்திரை டப்பாவை வீட்டில் வேறொருவர் கையில் கொடுத்து வையுங்கள், ஒரு நாளைக்கு ஒருமுறை அவர் எடுத்துத் தரட்டும். நான் அப்படித்தான் ஒரு எட்டு மாதம் இருந்தேன்.

பேச்சு சிகிச்சைக்குப் போனால் என்ன செய்வார்கள் என்று கேட்பவர்களுக்கு: சிறு வயதுக் கதையைத் தோண்டுவார்கள் என்று பயந்து போனேன், பெரும்பாலும் அப்படி இல்லை. வலி வந்ததும் மனசில் ஓடுவதை எழுதச் சொன்னார்கள். என்னுடையது: "ஆரம்பிச்சுடுச்சு. இனி மூணு நாள். லீவு போட முடியாது. வேலை போயிடும். இவருக்கும் அலுத்துப்போயிடும்." எண்ணிப் பார்த்தால் வயிற்றில் ஒரு குத்தலிலிருந்து மணமுறிவுக்கு ஐந்து வாக்கியம்தான் தேவைப்பட்டிருக்கிறது. அதில் முதல் வாக்கியம் மட்டும்தான் நடந்தது. மற்ற நான்கையும் தனித்தனியாகப் பிரித்து, இதுவரை எத்தனை முறை அப்படி நடந்தது என்று நோட்டைப் பார்த்துச் சரிபார்ப்பதுதான் பயிற்சி. வலி இதனால் மறையாது. வலிக்கு மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் கனம் குறையும்.

நல்ல நாள்தான் ஆபத்து

வலி 2 என்று எழுந்த ஒரு காலையில் தேங்கிக் கிடந்த அத்தனை வேலையையும் செய்து முடித்து, மறுநாளும் அதற்கு மறுநாளும் படுக்கையில் கிடந்து, "பார்த்தியா, என்னால ஒண்ணும் முடியாது" என்று அழுதவர்கள் கை தூக்குங்கள். இதற்கு மருந்து கடிகாரம். உட்கார்ந்தால் எத்தனையாவது நிமிடத்தில் வலி ஏறுகிறது என்று மூன்று நாள் பாருங்கள். நாற்பது என்று வந்தால் முப்பதில் அலாரம் வைத்து, வலி இல்லாவிட்டாலும் எழுந்துவிடுங்கள். நல்ல நாளிலும் அதே முப்பது, மோசமான நாளிலும் முடிந்தவரை அதே முப்பது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டுங்கள். நல்ல நாளில் அலாரம் அடிக்கும்போது எழுவதற்குத்தான் அதிக மனத்திடம் வேண்டும், நான் இன்னும் அதில் வாரம் ஒருமுறை தோற்கிறேன்.

தூக்கத்துக்கும் இதேதான்: எத்தனை மணிக்குப் படுத்தாலும் எழும் நேரம் மாறக்கூடாது. இருபது நிமிடம்போலப் புரண்டும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் எங்காவது உட்காருங்கள், படுக்கை வலியோடு சண்டை போடும் இடமாக மாறக்கூடாது.

வீட்டில் இருப்பவரிடம்

எங்கள் வீட்டில் ரொம்ப நாள் நடந்த உரையாடல் இது. "என்னாச்சு?" "ஒண்ணுமில்லை." "முகம் அப்படி இருக்கே?" "ஒண்ணுமில்லைன்னு சொல்றேன்ல." அவர் கோபம் என்று நினைப்பார், நான் அவர் புரிந்துகொள்ளவில்லை என்று நினைப்பேன். இப்போது எண் மட்டும் சொல்கிறேன். "ஆறு" என்றால் பேச்சு குறைவு, உதவி வேண்டாம். "எட்டு" என்றால் விளக்கை அணைத்து, வெந்நீர்ப் பை கொண்டுவந்து, பக்கத்தில் சும்மா இருந்தால் போதும். கேள்வி கேட்கக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது. இந்த ஒப்பந்தத்தை வலி இல்லாத ஒரு நாளில்தான் பேச முடியும்.

உடலுறவு. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது அன்பில்லை, அது தசைக்கு "அடுத்த முறை முன்கூட்டியே இறுகு" என்று சொல்லிக்கொடுப்பது. பொறுக்க முடியாமல் போனதும் அடுத்து நடப்பது, அது எங்கே போய் முடியுமோ என்ற பயத்தில் தோளில் கை வைப்பதைக்கூடத் தட்டிவிடுவது. மெல்ல மெல்ல இரண்டு பேரும் தொடுவதையே நிறுத்திவிடுவார்கள். "இது இதோடு நிற்கும்" என்று முன்பே சொல்லி வைத்துக்கொண்டு கட்டிப்பிடிப்பது, தலையைக் கோதிவிடுவது, இவற்றைத் திரும்பக் கொண்டுவாருங்கள். மற்றது பிசியோவும் மசகு ஜெல்லும் நிலை மாற்றமும் கைகொடுத்தால் பின்னால் வரட்டும், எந்த நொடியிலும் நிறுத்தலாம் என்ற நிபந்தனையோடு.

வலி ஏறும் இரவுக்கு ஒரு தாள்

இரவு இரண்டு மணிக்குக் குளியலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டு யோசிக்க முடியாது. அதனால் யோசிக்க வேண்டியதை நல்ல நாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்துவிட வேண்டும். என்னுடையதில் முதல் வரி, உடனே ஓட வேண்டிய அறிகுறிகள் ஏதாவது இருக்கிறதா என்று பார். அடுத்து, மருத்துவர் எழுதித் தந்த மாத்திரை, அளவு, கடைசியாக எப்போது போட்டேன் என்று எழுத ஒரு கட்டம். அப்புறம் வெந்நீர்ப் பை, இடப்பக்கம் ஒருக்களித்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை, பத்து மூச்சு. போனில் வியாதியைத் தேடாதே. எழுப்பினால் கோபித்துக்கொள்ளாத இரண்டு பேரின் எண். போன தடவை இதே மாதிரி வந்தது எத்தனை மணி நேரத்தில் இறங்கியது என்ற கணக்கு.

அந்தக் கடைசி வரியை ஒவ்வொரு முறையும் அடித்துத் திருத்துகிறேன். ஒன்பது மணி நேரம் என்று இருந்தது, அப்புறம் ஐந்து, நடுவில் ஒருமுறை பதினொன்று. இப்போது அங்கே ஆறு என்று எழுதியிருக்கிறது.